பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கப் போறீங்களா? முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்க!

சென்னை: யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் 1985-ல் வந்தது; 1996-ல் உற்பத்தி நின்றது. மவுசு மட்டும் குறையவில்லை. 98 சி.சி.தான், ஆனால் கிளம்பினால் அம்பு!

விற்கிற ஆசாமி கில்லாடியாக இருந்தால், நீங்கள் போவதற்குள் என்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார். சூடான என்ஜின் ஒரே உதையில் கிளம்பத்தான் செய்யும். "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று நழுவுங்கள். நன்றாக ஆறிய பிறகு கிக்கரை உதையுங்கள். முதலில் கொஞ்சம் புகை வருவது சகஜம். ஓட்டிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? கிராங்க் சீல் போயிருக்கலாம். என்ஜினையே பிரிக்கணும், பர்ஸ் காலி!

ஆயில் பம்ப் வேலை செய்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் போகாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வேகத்தில் பிடித்தால் பின்சக்கரம் நின்று ஆளையே கவிழ்த்துவிடும்.

பெயிண்ட் பளபளப்பில் சொக்கிவிட வேண்டாம். சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ராவின தடம், கோணல் எழுத்து தெரிந்தால் திருட்டு வண்டியோ என்று சந்தேகப்படணும். மலிவு என்று தெரிந்தே வாங்கினால் 3 ஆண்டு வரை கம்பி எண்ணலாம்!

15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். காலாவதியான புத்தகத்தைக் காட்டித் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.