தொழில் தொடங்கக் கற்பித்தல்

இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லை ஈரம் காயுமுன்னரே விற்றுவிட்டு, பின்னர் அதனையே அரிசியாகக் கடையில் விலைகொடுத்து வாங்கும் கமக்காரர் உள்ளவரை, வன்னி மண்ணின் ஐசுவரியம் வன்னி மக்களுக்கு முழுமையாக உரியதாகாது. இக்குறையைப் போக்கவல்ல சாதனங்களுள் தலையாயது கல்வி. அதற்குரிய ஸ்தாபனங்களும் இங்கே தோன்றிவிட்டன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. அங்கேயே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார்த் தொழில் முதல் உணவுத் தொழினுட்பம் வரை செய்முறையோடு கற்பிக்கின்றது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாக் கலாசாலையில் வணிகத்துக்கென ஒரு பீடமே உண்டு.

ஆயினும், தொழில்முயற்சியாண்மை என்பது பாடப்புத்தகத்தை மனனம் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் வித்தையன்று. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடும் தாயின் மகள், மீன் விலை, உப்பு, கூலி, போக்குவரத்து ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக் கூட்டி, காய்கையில் குறையும் நிறையையும் கருத்திற்கொண்டு, ஒரு கிலோவின் அடக்கவிலையைத் தானே கண்டறிவாளாயின், அந்தக் கணக்கு நூறு வரைவிலக்கணங்களுக்கு மேலானது. ஏனெனில், தாயின் உழைப்புக்கும் விலையுண்டு என்பதை அவள் அப்போதுதான் உணர்கிறாள். கடன் எடுக்குமுன் அதன் வட்டியை வரும் இலாபத்தோடு ஒப்புநோக்கும் விவேகமும் அதிலிருந்தே பிறக்கும். நுண்கடன் சுமையால் வடக்கின் பெண்கள் பலர் வருந்தியதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே, வன்னிப் பாடசாலைகளின் அதிபர்களும் ஆசிரியர்களும் தவணைதோறும் மாணவரை ஓர் அரிசி ஆலைக்கோ மீன்வாடிக்கோ அழைத்துச் சென்று, ஒரு பொருளின் அடக்கவிலையையேனும் கணிக்கச் செய்யவேண்டுமென விநயமாக வேண்டுகிறேன்.