புலம்பலும் விசுவாசமும்



துயரத்தைப் பாடுவது நமக்குப் புதியதல்ல. புறத்திணைத் துறைகளுள் கையறுநிலை என ஒன்று உண்டு. தலைவன் இறந்தபின், செய்வதற்கு எதுவுமின்றி நின்று பாடும் நிலை அது. பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள சிறு பாடல் இதற்குத் தலைசிறந்த உதாரணம். நாட்டார் வழக்கில் இதே நிலை ஒப்பாரியாகிறது. இவற்றோடு உறவுடைய இன்னொரு வடிவத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது விவிலியத்திலுள்ள புலம்பல். எல்லாம் பறிபோன வேளையிலும் வன்னிக் கிறிஸ்தவ மக்கள் தமது விசுவாசத்தை எப்படிப் பற்றிக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு இவ்வடிவத்தினூடாக ஓரளவு விடை காணலாம் என்பது என் எண்ணம்.

கையறுநிலைக்கும் விவிலியப் புலம்பலுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கையறுநிலை பாடும் புலவருக்கு மறுமொழி சொல்ல எவருமில்லை. ஒப்பாரி வைக்கும் தாய் இறந்தவனை விளித்து அழுகிறாள், அவனும் பேசமாட்டான். விவிலியத்திலோ புலம்புபவர், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரைப் பார்த்துக் கேட்கிறார். ஏன் மறைந்துகொண்டீர், எவ்வளவு காலத்துக்கு இது என்று வழக்காடுகிறார். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த வழக்குக்கே இடமில்லை.

'புலம்பல்' என்ற நூலின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எழுந்த ஐந்து பாடல்கள் இதில் உள்ளன. இறைவாக்கினர் எரேமியா பாடியவை என்பது மரபு. முதல் நான்கு பாடல்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களை வரிசையாகக் கொண்டு தொடங்குகின்றன. நமது ஆத்திசூடி எழுத்து வரிசையில் செல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். ஐந்தாம் பாடலிலும் வசனங்கள் 22தான். ஆனால் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது.

நம்பிக்கையின் குரல் இந்நூலில் எங்கே வருகிறது? முடிவில் வரும் என்றே நாம் எதிர்பார்ப்போம். அது நடுவிலுள்ள மூன்றாம் பாடலில் வருகிறது. இறைவனின் இரக்கம் தீர்ந்துபோகவில்லை என்பதைக் கவிஞர் அங்கே நினைவுக்குக் கொண்டுவருகிறார். அதற்கு அடுத்த பாடலிலேயே அப்பம் கேட்டு அலையும் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள். நூல் நிறைவுறும்போது, எங்களை முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்ற கேள்விதான் எஞ்சி நிற்கிறது. துயரத்தைக் கடந்த பிறகு கிடைக்கும் பரிசாக இந்நூல் நம்பிக்கையைக் காட்டவில்லை. இரு பக்கமும் துயரம் சூழ்ந்திருக்க, இடையில் பற்றிக்கொள்ளும் ஒரு பிடியாகவே அது இருக்கிறது.

88ஆம் திருப்பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. ஆயினும் திருச்சபை அதை ஒதுக்கிவிடவில்லை. கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் அதைச் சொல்லி வருகிறார்கள்.

இந்த மரபு நம் மண்ணுக்குத் தமிழிலேயே வந்து சேர்ந்தது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய 'வியாகுல பிரசங்கம்' கிறிஸ்துவின் பாடுகளை விவரிக்கும் நூல். கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டு, கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் எழுந்தது அது. தவக்காலத்தில் அதனை ஒப்பாரியை ஒத்த இராகத்தில் இழுத்து வாசிப்பது நம் கத்தோலிக்க ஊர்களில் நெடுங்கால வழக்கம். மகனை இழந்த மாதாவின் துயரத்துக்காக அழும் சாட்டில், தம் வீட்டு இழப்புக்காகவும் பெண்கள் அங்கே அழமுடிந்தது. அழுகையும் செபமாகலாம் என்பதை அம்மக்கள் இறையியல் நூல் எதையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

மடுத் திருத்தலத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. நிர்வாகத்தில் அது மன்னார் மாவட்டம். நிலத்தால் வன்னிக் காடு. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி, மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றனர் என்பது அதன் வரலாறு. அகதிகள் கொண்டுவந்த சொரூபம் பின்னர் அகதிகளின் புகலிடமாயிற்று. 1990 முதல் போரினால் இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் மடு வளாகத்தில் தங்கினர். 1999 நவம்பரில் அங்கு விழுந்த எறிகணைகளால் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பியது. மாதாவின் ஆலயத்திலேயே மனிதர் இறந்தார்கள் என்றால் மாதா எதைக் காத்தாள் என்று ஒருவர் கேட்கலாம். கேட்டவர்களும் இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பிள்ளைகளைப் போல மாதாவும் இடம்பெயர்ந்தாள் என்று மக்கள் சொன்னதுண்டு. அதைப் பதில் என்று கொள்ளாமல், உறவு என்று கொள்ளவேண்டும்.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை மக்களோடு நின்ற குருக்களும் துறவியரும் பலர். அவர்களுள் சரத்ஜீவன் அடிகளார் மே 18ஆம் திகதி மக்களோடு வெளியேறிய வேளையில் மாரடைப்பால் மரணமானார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் அதே நாளில் படையினரிடம் சரணடைந்தவர்களோடு சென்றார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியின் சனத்தொகை 4,29,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவர் கேள்வி. அலுவலகங்களின் புள்ளிவிபரங்களைக் கொண்டு அமைந்த இந்தக் கேள்வியை நான் ஒரு புலம்பலாகவே வாசிக்கிறேன். எருசலேமின் கவிஞர் எழுத்து எழுத்தாக எண்ணியதை ஆயர் ஆள் ஆளாக எண்ணினார். ஒவ்வோர் உயிரும் இறைவனின் கணக்கில் உண்டு என்று விசுவசிப்பவரே அப்படி எண்ணுவார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நிலை இன்னும் கொடியது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அவர்கள் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலே பல பெற்றோர் கண்மூடினர். உடலைக் காணாத தாய் பிள்ளையின் பெயரை எந்த மன்றாட்டில் சேர்ப்பாள்? இறந்தோருக்கான திருப்பலியிலா, உயிரோடிருப்போருக்கான வேண்டுதலிலா? முன்னதைக் கேட்டால் பிள்ளையைத் தானே இறந்தவனாக்கிவிட்டதாக அவள் மனம் பதறும். இத்தகைய தாயிடம் "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்வது எளிது. யோபுவின் நண்பர்கள் மூவரும் செய்தது அதுதான். ஏழு நாட்கள் அவனோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே பிழைத்தார்கள். அந்நூலின் முடிவில் இறைவன் கோபிப்பது தனக்காக வாதாடிய நண்பர்கள் மீது. சரியாகப் பேசியவன் என்று ஏற்றுக்கொள்வது தன்னோடு வழக்காடிய யோபுவை.

ஆகவே நேயர்களே, அழுகிறவரையும் கேள்வி கேட்கிறவரையும் விசுவாசம் குன்றியவர் என்று எண்ணிவிடக் கூடாது. விசுவாசத்தை முற்றாக இழந்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. பற்றிக்கொண்டிருப்பவர்களைப் பொறுத்தமட்டில், அவர்கள் பற்றியிருப்பது ஆறுதல் வசனங்களை மட்டுமல்ல. பதில் வரும்வரை ஓயாத கேள்வியையும்தான். அப்படிக் கேட்க அவர்களுக்குச் சொல் கொடுத்தவை இந்தப் பழைய புலம்பல்கள். அடுத்த தவக்காலத்தில் வியாகுல பிரசங்கம் வாசிக்கும் ஓசை உங்கள் ஊரில் கேட்டால், சற்று நின்று, அழுகிறவர்களின் அருகே பேசாமல் அமர்ந்து கேளுங்கள்.