பாடலியின் அம்பரம்

பள்ளியறை என்கிறோம், பள்ளியெழுச்சி என்கிறோம். இரண்டிலும் பள்ளி என்பது துயிலும் இடம். சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கும் அதுவே பெயர். தங்கிய இடத்திலேயே அவர்கள் பாடமும் சொன்னதால்தான் படிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பார்கள். அப்படிப் பார்த்தால், ‘உறைவிடப் பள்ளி’ என்பதில் உறைவிடம் என்ற சொல்லே மிகை.

அத்தகைய பள்ளி ஒன்று கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. பாதிரி மரம் வடமொழியில் பாடலி. ஊர் அன்று பாடலிபுத்திரம். பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் ஏழாம் நூற்றாண்டில் அங்கே சேர்ந்து, சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அவர்களுக்கே தலைவரானார் என்கிறார் சேக்கிழார். பிறகு சூலை நோய் வாட்ட, அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அவரே அப்பர்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் என்னதான் படித்திருப்பார் என்று கேட்பவர்கள் குறைவு.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு, பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி என்ற முனிவர் பிராகிருதத்தில் ‘லோகவிபாகம்’ எழுதினார். அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மூலம் அழிந்துவிட்டது. சிம்மசூரி பின்னாளில் வடமொழியில் ஆக்கிய வடிவம்தான் கிடைத்திருக்கிறது. உலகம் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போடும் நூல் அது.

எழுதிய காலத்தை அதுவே சொல்கிறது: சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. அதாவது கி.பி. 458. கூடவே உத்திராடத்தில் சனி, ரிஷபத்தில் வியாழன், உத்திரத்தில் சந்திரன் என்று வானத்தையும் சாட்சிக்கு அழைக்கிறது. சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது ஆண்டு, வியாழனுக்குப் பன்னிரண்டு. இரண்டும் பழைய இடங்களில் மறுபடி கூட அறுபது ஆண்டளவு ஆகும். ஏட்டைப் படியெடுப்பவர் ஆண்டைத் தவறாக எழுதினாலும் கோள்கள் காட்டிக்கொடுத்துவிடும். பல்லவர் காலக்கணக்கை வரிசைப்படுத்த வரலாற்றாசிரியர்கள் பற்றிக்கொண்ட பெரிய பிடி இந்தக் குறிப்பு.

என்னை மலைக்க வைப்பது அதிலுள்ள ஓர் எண். சமணர் உலகப் படத்தில் நடுவே சம்புத்தீவு, அகலம் ஒரு லட்சம் யோசனை (பழைய தூர அளவு). சுற்றிலும் கடல், அதைச் சுற்றித் தீவு, மறுபடி கடல். ஒவ்வொரு வளையமும் முந்தியதைப் போல் இரு மடங்கு அகலம். ஒரு லட்சத்தைப் பதினேழு முறை இரட்டித்துப் பாருங்கள்: 1310,72,00,000. இந்த எண்ணை நூல் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி, இலக்கம் இலக்கமாகச் சொற்களில் அடுக்குகிறது. முதலில் ஐந்து சூனியம். நடுவே இன்னொரு சூனியம் வருகிறது. அங்கே மட்டும் சொல் மாறி ‘அம்பரம்’ ஆகிறது. ஆகாயம் என்று பொருள். ஒன்றுமில்லாததற்கு ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு பெயர்! இடமதிப்பும் சுழியமும் சேர்ந்து நிற்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்றாக இதை எண்ணுகிறார்கள். மூலத்திலும் அப்படியே இருந்ததா என்ற விவாதம் உண்டு.

கடலூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் சிற்றம்பலம். அதன் இன்னொரு பெயரான சிதம்பரத்திலும் அதே அம்பரம் இருக்கிறது. அங்கே திரைக்குப் பின்னால் வணங்கப்படுவது வெளி. அப்பர் அந்தச் சிற்றம்பலத்தைப் பாடினார். அவர் வரலாற்றைச் சொல்லும் பெரியபுராணம் அங்கே ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு.

அந்தப் புராணமே பள்ளியின் முடிவையும் சொல்கிறது. பல்லவ மன்னன் சைவனான பின், பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான். அந்த இடிபாட்டில் எத்தனை ஏடுகள் போயினவோ, நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.