தலைக்குப் பொருந்தும் கவசம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது தமிழர் வழக்கு. வெயில் எறித்தால் சால்வையைத் தலையில் இடுவதும், மழை தூறினால் கையில் அகப்பட்டதைக் கொண்டு தலையை மூடிக்கொள்வதும் எவருக்கும் கற்பிக்கவேண்டாத செயல்கள். இவ்வளவு அருமையாகப் பேணப்படும் தலை, மோட்டார் சைக்கிளில் ஏறியவுடன் மட்டும் பாதுகாப்பின்றி விடப்படுவது ஏன் என்னும் வினா ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குச் செல்லும் வீதி, அல்லைப்பிட்டியைக் கடந்து மண்கும்பானை அடைந்து, வேலணையூடாக ஊர்காவற்றுறை நோக்கிச் செல்கின்றது. வேலணைப் பக்கத்தில் பிரியும் கிளைவீதி புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கே படகேறுவர். பாடசாலைக்கும் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் தீவக மக்கள் பலருக்கு மோட்டார் சைக்கிளே வாகனம். பண்ணையை அணுகும்போது தலையில் ஏறும் கவசம், திரும்பி வரும் வழியில் ஊர் எல்லையைக் கண்டதும் கைப்பிடிக்கு இறங்கிவிடுவது இவ்வீதியில் அரிய காட்சியன்று.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. தலை வெந்துபோகின்றது என்பர் சிலர்; நெற்றி வலிக்கின்றது என்பர் வேறு சிலர்; காது அடைக்கின்றது, கழுத்து நோகின்றது, பக்கத்தில் வருவது தெரிவதில்லை என்பர் இன்னும் சிலர். இவை யாவும் பொய்ச் சாட்டுகள் அல்ல. ஆனால், இவற்றுட் பெரும்பாலானவை தலைக்கவசம் என்னும் பொருளின் குறைகளும் அல்ல. தலைக்குப் பொருந்தாத கவசத்தைத் தெரிந்தெடுத்ததன் விளைவுகளே. சுகமாகப் பொருந்தும் கவசம் தலையிலேயே இருக்கும். பொருந்தாதது கைப்பிடியில் தொங்கும். விபத்து நேரும் கணத்தில் கைப்பிடியில் தொங்கும் கவசத்தால் எவருக்கும் பயனில்லை. ஆகவே, சுகம் என்பது இங்கே ஆடம்பரமன்று. அதுவே பாதுகாப்பின் முதற்படி.

தலைக்கவசத்தின் தேவையை வைத்திய உலகம் உணர்ந்த வரலாறு ஒரு தனிமனிதரின் மரணத்தோடு தொடர்புடையது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அராபிய நாடுகளில் புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, தமது இல்லத்துக்கு அண்மையில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாமல் விலக முயன்று வீழ்ந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து, தமது 46ஆவது வயதில் உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியர்களுள் ஒருவர், அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயான்ஸ். பின்னர் அவர் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், மோட்டார் சைக்கிளோட்டும் படைவீரர் கவசம் அணிதல் வேண்டும் என்று பிரித்தானிய இராணுவம் கட்டளையிட்டது. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அது சட்டமாவதற்கு மேலும் 32 ஆண்டுகள் சென்றன. 1973இலேயே அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடைக்காலத்தில், 1961இல், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முந்திக்கொண்டது. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே நிறுத்து 2008இல் வெளியான மீளாய்வொன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக்காய அபாயத்தை ஏறக்குறைய 69 வீதமும் குறைக்கின்றது எனக் கணித்தது.

லோறன்ஸ் மரணமடைந்தது நெடும்பயணத்தில் அன்று. வீட்டுக்கு அருகிலேயே ஆகும். "இந்தா, சந்திவரைக்குந்தானே" என்று சொல்லிக் கவசத்தை வீட்டில் விட்டுச் செல்வோர் சிந்திக்கவேண்டிய செய்தி இது. வேகம் குறைவு என்பதும் ஆறுதலாகாது. வாகனம் நின்ற நிலையிலேயே சாய்ந்தாலும், ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தை அடையும் தலை, மணிக்கு 19 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதும். தார்வீதிக்கு அவ்வேகமே போதும்.

கவசம் எவ்வாறு காப்பாற்றுகின்றது என்பதை மண்கும்பான் மக்களுக்கு விளக்குதல் எளிது. மணற்கும்பியின்மேல் குதித்து விளையாடும் சிறுவனுக்குக் காயமில்லை. அதே உயரத்திலிருந்து தார்வீதியிற் குதித்தால் கால் முறியும். வேகம் ஒன்றே; எனினும், மணல் சிறிது சிறிதாக அமிழ்ந்து வேகத்தை வாங்கிக்கொள்கின்றது, தார் அவ்வாறு செய்வதில்லை. தலைக்கவசத்தின் வெளி ஓடு மோதலின் அடியைப் பரப்பிவிடுகின்றது. கூரிய பொருள் உட்புகாமல் தடுக்கின்றது. அதன் உள்ளே, பலரும் ரெஜிபோம் என வழங்கும் வகையைச் சேர்ந்த, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த தடித்த வெண்படை ஒன்று உண்டு. அதுவே தலைக்கு மணற்கும்பி. மோதும்போது அது நசிந்து, தலை நிற்பதற்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தூரத்தை அளிக்கின்றது. மூளைக்கு உயிர் கொடுப்பது அச்சிறு தூரமே. நசிந்து சத்தியை உறிஞ்சும் உட்படையுடைய கவசத்துக்கு அமெரிக்காவில் றொத், லொம்பார்ட் என்னும் இருவர் 1953இல் காப்புரிமை பெற்றனர். இன்றைய கவசங்களும் அத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன. ஓட்டின் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குவோர், உயிர்காக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதை மறந்துவிடுகின்றனர்.

இனி, பொருத்தம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். கவசம் தளர்வாக இருந்தால், மோதும்போது தலை அதனுள்ளே நகர்ந்து சென்று மோதும். கவசம் சுழன்று கண்ணை மறைக்கும். சில வேளை முற்றாகவே கழன்றுபோகும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் பண்ணைக் கடல்வெளியைக் கடப்போர், தளர்ந்த கவசம் காற்றில் மேலெழுந்து தலையை அலைக்கழிப்பதை அறிவர். கழுத்துநோவுக்குப் பெருங்காரணம் பெரும்பாலும் பாரமன்று, இவ்வலைக்கழிவே.

கவசம் வாங்கச் செல்லுமுன் தலையை அளந்துகொள்ளுதல் வேண்டும். தையற்காரரின் அளவுநாடாவைப் புருவத்துக்கு மேல் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுசென்று, பின்தலை மிகவும் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். நாடா இல்லாவிடில் நூலொன்றாற் சுற்றி, அந்நூலை அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று முறை அளந்து, கிடைக்கும் பெரிய அளவையே கொள்ளுதல் நன்று. 57 அல்லது 58 சென்ரிமீற்றரைப் பல நிறுவனங்கள் நடுத்தர அளவு எனக் குறிக்கின்றன. எனினும், ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றின் நடுத்தரத்துக்கு ஒப்பாகாது. ஆதலால் அளவு வழிகாட்டியே. முடிவு சொல்லவேண்டியது தலை.

சுற்றளவு ஒன்றாயிருப்பினும் தலைகளின் வடிவம் ஒன்றாயிராது. மேலிருந்து நோக்கினால், சிலருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும். சிலருக்கு ஏறக்குறைய வட்டமாயிருக்கும். பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர். நீண்ட தலையில் வட்டக் கவசத்தை வைத்தால் நெற்றி வலிக்கும், காதுப்பக்கம் வெறுமையாயிருக்கும். வட்டத் தலையில் நீண்ட கவசத்தை வைத்தால் பொட்டுகள் இரண்டும் நெரியும். நெற்றி வலிக்கின்றது என்பதற்காகப் பெரிய அளவை வாங்குதல் தவறு. வேறு வடிவமுடைய கவசத்தைத் தேடுவதே பரிகாரம்.

கடையில் கவசத்தைப் பட்டிகள் இரண்டையும் பிடித்து அகட்டித் தலையில் இறக்குதல் வேண்டும். அதன் முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே அமைதல் நன்று. பின்னே சரிந்து நெற்றியைத் திறந்துவிடலாகாது. கன்னப் பஞ்சுகள் கன்னத்தை இதமாக அழுத்த வேண்டும். கவசத்தைக் கையாற் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினால், நெற்றித் தோலும் கன்னத் தோலும் அதனுடன் சேர்ந்து அசைதல் வேண்டும். தோல் அசையாமற் கவசம் மட்டும் வழுக்கினால் அது பெரிது. புதுக் கவசம் சற்று இறுக்கமாகத் தோன்றுவது குறையன்று. பஞ்சு நாளடைவில் அமிழ்ந்து இடங்கொடுக்கும். கடைக்காரர் பொறுமையிழப்பினும், கால்மணி நேரம் அதனை அணிந்தபடியே இருந்து பார்ப்பது நலம். கழற்றியபின் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தழும்பு காணப்பட்டால், அது நாளை தலைவலியாக வளரும். கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடனேயே பரீட்சித்தல் வேண்டும்.

அடுத்தது நாடிப்பட்டி. பட்டியைப் பூட்டாது அணியப்படும் கவசம், கயிறில்லாக் குடத்தைக் கிணற்றில் இறக்கியது போலாகும். பூட்டிய பட்டிக்கும் தொண்டைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். பின்னர், கவசத்தின் பின்விளிம்பை இரு கைகளாலும் பற்றி மேல்நோக்கி முன்னே உருட்டிப் பார்க்க வேண்டும். அது கழன்று கையோடு வந்தால், விலை எதுவாயினும் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீதியில் வீழும்போது நிகழப்போவது அதுவே.

முகத்தையும் நாடியையும் முற்றாக மூடும் கவசமே கூடிய காப்பைத் தரும். நாடி திறந்த கவசம் முகத்தைக் காக்காது. இலங்கையில் முழுமுகக் கவசத்தைத் தடைசெய்யப் பொலிசார் 2015இல் முற்பட்டபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. வெக்கையைப் பொறுக்கமாட்டாதோர், நெற்றியில் காற்றுத்துளையும் பின்புறத்தில் வெளிவழியும் உள்ளதைத் தெரிந்தெடுத்தல் நலம். உட்துணியைக் கழற்றிக் கழுவக்கூடியதாயிருப்பது வியர்வைக்குப் பரிகாரம். பக்கப்பார்வையைப் பற்றிய அச்சம் நல்ல கவசத்தைப் பொறுத்தவரை தேவையற்றது; ஐரோப்பியத் தராதரம் நேர்நோக்கிலிருந்து இருபுறமும் 105 பாகைவரை பார்வை தடைப்படலாகாது என விதிக்கின்றது. முகக்கண்ணாடி, பறக்கும் மணலுக்கும் அந்திப் பூச்சிகளுக்கும் நல்ல தடை. ஆனால் கறுப்புக் கண்ணாடி பகலுக்கு மட்டுமே உரியது. விளக்குக் குறைந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும் இரவுக்கு நிறமற்ற கண்ணாடியே வேண்டும்.

பின்னிருந்து செல்வோரின் தலையும் தலையே. ஓட்டும் கணவனுக்கு நல்ல கவசமும், பின்னிருக்கும் மனைவிக்குப் பெயரளவிலான தொப்பியும் வாங்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். பெண்கள் உச்சிக்கொண்டையின்மேல் கவசத்தை வைத்தால் அது தலையிற் படியாது மிதக்கும். கூந்தலைத் தாழப் பின்னி, கவசத்துக்குக் கீழே விடுவதே தக்கது. தினந்தோறும் முடிக்கும் விதத்திலேயே கூந்தலை முடித்துச் சென்று கவசத்தைப் பரீட்சிக்க வேண்டும். சிறுவருக்குப் பெரியவரின் கவசம் ஒருபோதும் உதவாது. தலைமேற் கவிழ்த்த பானைபோல் ஆடும் கவசம், பெற்றோருக்கு ஆறுதலைத் தருமேயன்றிப் பிள்ளைக்குக் காப்பைத் தராது.

இலங்கைத் தராதரத்தில் மோட்டார் சைக்கிள் கவசத்துக்குரிய இலக்கம் எஸ்.எல்.எஸ். 517, இந்தியாவில் ஐ.எஸ். 4151. இத்தகைய முத்திரை இல்லாத, உள்ளே வெறும் பஞ்சு மட்டுமுள்ள கவசங்கள் தொப்பிக்குச் சமமானவை. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதியிலிருந்து தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டபோது, கடைகளிற் பெரும் நெருக்கடி உண்டாயிற்று. அவ்வாறு அவசரத்தில் வாங்குவோர் தலையை அளப்பதுமில்லை, முத்திரையைத் தேடுவதுமில்லை. சட்டம் மக்களைக் கடைவரைக்கும் கொண்டுசெல்லும்; கவசத்தைத் தலையில் நிலைபெறச் செய்வது பொருத்தமேயாகும்.

வாங்கிய கவசத்தைப் பேணுவதும் தெரிந்தெடுப்பதன் தொடர்ச்சியே. பெற்றோலோ மண்ணெண்ணெயோ தின்னரோ கொண்டு துடைத்தால், ஓடும் உட்படையும் பழுதடையும். இளஞ்சவர்க்கார நீரே போதும். பக்கக் கண்ணாடியின் முனையில் கவிழ்த்து வைத்தால், உட்படையில் குழி விழும். கடற்காற்றின் உப்பு பூட்டைத் துருவேற்றும். ஆதலால் அதனை இடையிடையே துடைத்து உலர்த்த வேண்டும். ஒருமுறை பலமாக மோதிய கவசம், வெளியே கீறலின்றித் தோன்றினும், உள்ளே நசிந்ததாகும். நசிந்த படை மீண்டும் எழாது. அக்கவசம் தன் கடமையை முடித்துவிட்டது. முந்திய வரலாறு தெரியாத பழைய கவசத்தை வாங்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். மோதாத கவசத்தையும் ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் மாற்றிவிடுமாறு தயாரிப்பாளர் பலர் அறிவுறுத்துகின்றனர்.

பாரதக் கதையிற் கர்ணனுடைய கவசம் உடலோடு ஒட்டிப் பிறந்தது. அதனை அணிவது பற்றி அவன் நினைக்கவேண்டியிருந்ததில்லை. மற்றவருக்கு அப்பேறு இல்லை. அளந்து, பரீட்சித்து, பொறுமையோடு தேடியே பெறவேண்டியுள்ளது. அவ்வாறு தேடிப் பெற்ற கவசம், அணிந்த சிறிது நேரத்தில் அணிந்திருப்பவருக்கே மறந்துபோகும். அத்தகைய கவசத்தைப் பண்ணை கடந்தவுடன் கழற்றவேண்டும் என்ற எண்ணமும் எழாது. மண்கும்பான் வீட்டு வாசலிற் கழற்றினாற் போதும்.