தட்டு வடிவ ஆகாயக் கப்பல்: சாலை இல்லாத இடத்துக்குச் சரக்கு கொண்டு போகுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. சாலைகள் உடைந்தன, தண்டவாளத்தின் அடியில் இருந்த மண் அரித்துப் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். அவர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவு கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நிவாரணப் பொருள் திரட்டிய ஜமாஅத்துகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒன்று நன்றாகத் தெரியும். அரிசி, பருப்பு, பால் பவுடர், போர்வை எல்லாம் சேர்த்துவிடலாம். அவற்றைத் தேவைப்படுகிறவர்களின் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். லாரி பத்து, பதினைந்து டன் ஏற்றும், ஆனால் அதற்குச் சாலை வேண்டும். ஹெலிகாப்டருக்குச் சாலை வேண்டாம். ஆனால் விமானப்படையின் எம்.ஐ.-17 போன்ற பெரிய ஹெலிகாப்டரே சுமார் 4 டன்தான் தூக்கும்.

சாலை இருந்தாலும் போக முடியாத சரக்குகளும் உண்டு. அதே 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான இரண்டு நீராவிக் கலன்கள் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மிதவையில் கடல் வழியாகக் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 300 டன். இழுவைப் படகின் கயிறு அறுந்து, மிதவை கூடங்குளம் கரையோரப் பாறையில் சிக்கிக்கொண்டது. அதை மீட்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

லாரியின் சுமையை ஹெலிகாப்டரைப் போலச் செங்குத்தாக இறக்கும் வாகனம் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடையாகப் பல நாட்டுப் பொறியாளர்கள் முன்வைத்ததுதான் தட்டு வடிவ ஆகாயக் கப்பல். படங்களில் காட்டப்படும் 'பறக்கும் தட்டு' போலவே இருக்கும். ஆனால் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட அறிவியலே போதும்.

எப்படி மிதக்கிறது?

தண்ணீரில் கட்டை மிதப்பது போலத்தான் இதுவும் காற்றில் மிதக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. அதே அளவு ஹீலியம் வாயுவின் எடை 0.2 கிலோவுக்கும் குறைவு. எனவே ஒரு கன மீட்டர் ஹீலியம் தோராயமாக ஒரு கிலோவைத் தூக்கும். கணக்கு இவ்வளவு எளிது என்பதால், ஒரு டன்னுக்கு ஆயிரம் கன மீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

100 மீட்டர் விட்டமும் நடுவில் 30 மீட்டர் தடிமனும் கொண்ட ஒரு தட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு தாம்பாளங்களை வாயோடு வாய் வைத்து மூடியது போன்ற உருவம். அதன் கொள்ளளவு சுமார் 1,57,000 கன மீட்டர், மொத்தத் தூக்கு சுமார் 157 டன். இதில் கூடு, எஞ்சின், எரிபொருள் ஆகியவற்றின் எடைக்குப் பாதியைக் கழித்தாலும் எழுபது டன்னுக்கு மேல் சரக்குக்கு மிஞ்சும். வானில் நிற்பதற்கு எரிபொருள் அதிகம் வேண்டாம், நகர்வதற்குத்தான் வேண்டும். இதுதான் இந்த யோசனையின் கவர்ச்சி.

ஏன் தட்டு வடிவம்?

பழைய ஆகாயக் கப்பல்கள் எல்லாம் சுருட்டு வடிவம். முன்னோக்கிப் போகும்போது காற்றைக் கிழித்துச் செல்ல அதுதான் நல்லது. சிக்கல் தரையில் நிற்கும்போது வருகிறது. பக்கவாட்டில் காற்று மோதினால் அந்த நீண்ட உடல் முழுவதும் பாய்மரமாகிவிடும். ஆகவே மூக்கைக் கம்பத்தில் கட்டி, காற்று திரும்பும் பக்கமெல்லாம் கப்பலும் சுற்றி வர இடம் விட வேண்டும். 200 மீட்டர் நீளக் கப்பல் ஒரு முழுச் சுற்று வர 31 ஏக்கர் வெற்றிடம் தேவை. நம் மாவட்டத்தில் வயலும் தோப்பும் வீடும் இல்லாத 31 ஏக்கரை எங்கே தேடுவது?

தட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அதற்கு ஒன்றுதான், சுற்ற வேண்டியதில்லை. 100 மீட்டர் தட்டு நிற்க இரண்டு ஏக்கர் போதும். சரக்கை நடுவில் தொங்கவிட்டால் பாரமும் எல்லாப் பக்கமும் சமமாகப் பிரியும்.

ஆனால் அதற்கும் குறை உண்டு. வேகமாகப் போகும்போது தட்டு ஆடும். சொளகைக் காற்றில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும் அல்லவா, அதுபோலத் தட்டு சற்றே சாய்ந்தாலும் காற்று அதைத் தூக்கும் அல்லது அமுக்கும். அதைச் சமன் செய்யச் சுற்றிலும் எஞ்சின்களும் விரைவான கட்டுப்பாட்டுக் கருவிகளும் வேண்டும்.

செய்து பார்த்தவர்கள்

நம் பழைய இந்தியாவோடு தொடர்புடையது ஆர்-101. பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குப் பயணிகளை ஆகாயக் கப்பலில் அனுப்பத் திட்டமிட்டு, கராச்சியில் மிகப்பெரிய கொட்டகையையும் கட்டி வைத்தது. 1930 அக்டோபர் 4 அன்று மாலை இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து புறப்பட்ட அந்தச் சுருட்டு வடிவக் கப்பல், மறுநாள் அதிகாலை பிரான்சில் விழுந்து எரிந்தது. பயணம் செய்த 54 பேரில் 48 பேர் இறந்தனர். இறந்தவர்களில் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் ஒருவர். கராச்சிக் கொட்டகைக்கு அந்தக் கப்பல் வரவே இல்லை. 1937-இல் அமெரிக்காவில் ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் எரிந்து 36 பேர் இறந்தபின், பயணிகள் ஆகாயக் கப்பல்களின் காலம் முடிந்தது. இரண்டிலும் இருந்தது தீப்பற்றும் ஹைட்ரஜன். இன்று பயன்படுத்தும் ஹீலியம் எரியாது.

தட்டு வடிவம் பிறகு வந்தது. 1975-இல் அதே கார்டிங்டன் கொட்டகைக்குள் சுமார் 9 மீட்டர் விட்டமுள்ள தட்டு மாதிரி ஒன்று பறக்கவிடப்பட்டது. இதைவிடப் பெரிய முயற்சி சோவியத் நாட்டில் நடந்தது. உல்யானவ்ஸ்க் நகரில் 'தெர்மோபிளேன்' என்ற பெயரில் 40 மீட்டர் விட்டத் தட்டு கட்டினார்கள். நூற்றுக்கணக்கான டன் சுமக்கும் பெரிய தட்டுக்கு அது முன்னோடியாக இருக்க வேண்டும் என்பது திட்டம். 1990-களின் தொடக்கத்தில் நாடு உடைந்து, பணம் நின்று, வேலையும் நின்றது.

இந்தியாவிலும் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராஜ்குமார் பந்த் தலைமையில் ஆகாயக் கப்பல் வடிவமைப்புக்கென ஒரு குழு இயங்கியது. மலைப்பகுதிகளுக்குச் சரக்கும் ஆட்களும் கொண்டு செல்வதை ஆராய்ந்ததோடு, சிறிய ஆகாயக் கப்பல்களைச் செய்து தரையிலிருந்தே இயக்கிப் பறக்கவிட்டனர். பிரான்சில் 60 டன் சுமக்கும் சுருட்டு வடிவக் கப்பலை ஒரு நிறுவனம் வடிவமைத்து வருகிறது. சாலை இல்லாத காட்டிலிருந்து மரம் எடுப்பதே அதன் முதல் நோக்கம்.

சிக்கல் இறக்கும்போதுதான்

ஏற்றுவதைவிட இறக்குவது ஏன் கடினம் என்று பார்ப்போம். 10 டன் அரிசியோடு சமநிலையில் மிதக்கும் கப்பலிலிருந்து அரிசியை இறக்கியதும், கப்பல் 10 டன் இலேசாகி மேலே கிளம்பும். நிறுத்த வேண்டுமானால் அதே எடையைத் திரும்ப ஏற்ற வேண்டும், அதாவது 10,000 லிட்டர் தண்ணீர். வெள்ளம் சூழ்ந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம். பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து போக வேண்டிய தச்சமலை போன்ற காணிக் குடியிருப்புகளுக்கும் அருகிலேயே அணை நீர் இருக்கிறது. ஆனால் 300 டன் கலனை இறக்கினால் 3 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 25 நடை!

தெர்மோபிளேன் இதற்கு வேறு வழி கண்டது. கப்பலின் சொந்த எடையை ஹீலியம் தாங்கும். சரக்கின் எடையைச் சூடாக்கிய காற்று தாங்கும். சரக்கு இறங்கியதும் சூட்டைக் குறைத்தால் போதும். யோசனை நல்லது. ஆனால் சூடான காற்று ஹீலியத்தைவிட மிகக் குறைவாகவே தூக்கும் என்பதால் கப்பலின் உருவம் பெருத்துவிடும்.

அடுத்த சிக்கல் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் ஓடுகின்றன. காற்றாலைக்கு வரமான அதே காற்று ஆகாயக் கப்பலுக்கு எதிரி. புயல் நேரத்தில் அது பறக்கவே முடியாது. மழை ஓய்ந்து காற்று அடங்கிய பிறகுதான் உதவிக்கு வர முடியும்.

ஹீலியமும் எளிதில் கிடைப்பதில்லை. இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து வரும் அதை அதிகம் தருபவை அமெரிக்காவும் கத்தாரும். நம்மவர் பலர் வேலை பார்க்கும் கத்தாரில், ராஸ் லஃப்பானில் அந்த ஆலைகள் உள்ளன. 2017-இல் அண்டை நாடுகள் கத்தாருடன் எல்லையை மூடியபோது அந்த ஆலைகளும் சில காலம் நின்றன.

பயணிகளுக்கு இது பெரிதாகப் பயன்படாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 6 மணி நேரம். 40 கி.மீ. எதிர்காற்று வீசினால் 10 மணி நேரம். அதற்கு ரயிலே மேல்.

ஒரு எச்சரிக்கை

1996-இல் ஜெர்மனியில் கார்கோலிஃப்டர் என்ற நிறுவனம் 160 டன் தூக்கும் ஆகாயக் கப்பல் செய்வதாக அறிவித்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினர். பலர் சாதாரணக் குடும்பத்தினர். பெர்லினுக்குத் தெற்கே 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரத்தில் கொட்டகை எழுந்தது. கப்பல் எழவில்லை. 2002-இல் நிறுவனம் நொடித்தது. அந்தக் கொட்டகையை வாங்கியவர்களில் ஒன்று, மலேசியத் தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் தஞ்சோங் நிறுவனம். 2004 இறுதியில் அது செயற்கைக் கடற்கரையுள்ள உல்லாசப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு போனது போனதுதான்.

அந்தப் பொறியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. கணக்கும் தவறல்ல. ஆனால் காகிதத்தில் சரியாக இருப்பது வானில் ஏறப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் ஆகும். அதை அரசுகளும் பெரிய நிறுவனங்களும் தாங்கலாம். மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் சேர்த்து வைத்த பணம் தாங்காது. 'எதிர்காலத் தொழில்நுட்பம், இப்போதே பங்கு வாங்குங்கள்' என்று கைப்பேசியில் யாராவது அழைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முழு அளவில் ஒன்றாவது பறந்திருக்கிறதா? சரக்கை இறக்கியபின் எடையை எப்படிச் சமன் செய்கிறீர்கள்? எவ்வளவு காற்று வரை தாங்கும்? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

அதே மூன்று கேள்விகளும் நம் மாணவ மாணவியருக்கு ஆராய்ச்சித் தலைப்புகள். வான்பொறியியல் படிக்கச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது. நமக்கு அருகிலேயே திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்த பிள்ளைகளிடம் பெற்றோர் இவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதுவரை, அடுத்த வெள்ளத்துக்கு நம் கையில் இருப்பது படகும் டிராக்டரும் மனித உழைப்பும்தான். மழைக்காலத்துக்கு முன்பே தாழ்வான ஊர்களில் மேடான ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரத்துக்கான அரிசி, குடிநீர், மருந்து, பால் பவுடரை இருப்பு வைத்துவிட்டால், சாலை அறுந்தபின் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை பெருமளவு குறையும்.