கொதிக்கும்போது எலுமிச்சை பிழியாதீர்கள்!

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர். ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால்தான் அங்குள்ள மீனவர் ஊருக்கு முகத்துவாரக்குப்பம் என்று பெயர். கடலை நம்பிய குடும்பங்களில் சூரியனுக்கு முன்பே மனிதர்கள் எழுந்துவிடுவார்கள். ஆணுக்கு வலை; பெண்ணுக்கு மீன் கூடை. அந்த நேரத்தில் வயிற்றுக்குக் கிடைப்பது என்ன? ஒரு டம்ளர் டீதான்!

டீ என்ன செய்கிறது?

டீயில் உள்ள 'காபீன்' களைப்பை மறக்கச் செய்யும். ஆனால் உடம்பில் சேர்ந்த காபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலையில் குடித்த டீ இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. டீயின் துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காதபடி தடுக்கிறது. பலகாரத்தோடு டீ குடித்தால் நஷ்டம் ரத்தத்துக்கு! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது.

எலுமிச்சையில் உள்ள 'சி' வைட்டமினோ, இரும்புச் சத்து ரத்தத்தில் சேர உதவும். ஆனால் அதற்குச் சூடு ஆகாது.

கப்பல் டாக்டரின் கதை

1747ஆம் ஆண்டு, 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயக் கப்பலில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் கண்டது. ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் 12 நோயாளிகளைப் பிரித்து, விதவிதமான சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் நீண்ட பயணத்துக்காகச் சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் பாட்டிலில் அடைக்கும்படி பிறகு அவரே யோசனை சொன்னார். சத்தில் பெரும் பகுதி சூட்டில் அழிந்துவிட்டது!

தயாரிக்கும் முறை

நம் வீட்டுச் சுக்குக் காப்பிக்குப் பெயரில்தான் காப்பி! அதோடு ஆரஞ்சும் எலுமிச்சையும் சேர்ந்தால் அருமையான பானம் தயார்.

நான்கு பேருக்கு: தண்ணீர் 5 டம்ளர், தனியா 2 மேஜைக் கரண்டி, சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு 8, ஏலக்காய் 2, பனைவெல்லம் தேவையான அளவு, கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு, எலுமிச்சம்பழம் 1.

தனியாவை வாசனை வரும்வரை வறுத்து, சுக்கு, மிளகு, ஏலக்காயுடன் கொரகொரப்பாக இடியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, 4 டம்ளராகச் சுண்டும்வரை இளம் தீயில் வையுங்கள். பனைவெல்லம் கரைந்ததும் இறக்கிவிடுங்கள்.

ஆரஞ்சுத் தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதி கசக்கும். அதைச் சுரண்டிவிட்டுத் தோலைப் போட்டு, 5 நிமிஷம் மூடி வையுங்கள். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். பிறகு வடிகட்டி, குடிக்கிற சூட்டுக்கு ஆறியதும் டம்ளருக்குக் கால் பழம் பிழியுங்கள். பால் சேர்த்தால் திரிந்துவிடும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. ஈயம் பூசாத பித்தளை கூடாது.

வயிற்றுப் புண் உள்ளவர்கள் எலுமிச்சையைத் தவிர்க்கவேண்டும். ரத்த சோகைக்கு இது மருந்து அல்ல. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக்கூடாது.

டீயை விடவே முடியாதா? விடவேண்டாம்! சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ராத்திரிக்கு இந்தப் பானம் இருக்கட்டும். விடியுமுன் எழவேண்டியவர்களுக்கு நல்ல தூக்கமும் ஒரு சத்துதான்!