மிதிவண்டியில் கேமரன் மலைக்கு ஒரு நாள்

மிதிவண்டி நம் தோட்டத்திற்குப் புதியதன்று. விடியற்காலையில் பால் வெட்டச் சென்றோரும், மாலையில் கடைக்குச் சென்றோரும், பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் அதனை நம்பியே வாழ்ந்து வந்துள்ளனர். ஆயினும் அவ்வண்டி மேட்டில் எவ்வாறு ஏறுகின்றது, இறக்கத்தில் எவ்வாறு நிற்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற பள்ளி விடுமுறையில் நண்பர்கள் ஐவர் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மிதிவண்டியிற் சென்று ஒரே நாளில் திரும்பினோம். அப்பயணத்தில் கண்டவற்றை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் கூற விரும்புகின்றேன்.

கேமரன் மலை என்னும் பெயர், 1885ஆம் ஆண்டில் இப்பகுதியில் அளவைப் பணி செய்த நில அளவையாளர் வில்லியம் கேமரனால் வந்தது. தாப்பாவிலிருந்து மேலே செல்லும் சாலை 1931இல் முடிவுற்றது. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். அங்கே உயரம் ஏறத்தாழ 1,440 மீட்டர். வழி நெடுகிலும் வளைவுகள். “நேராகப் போட்டிருந்தால் தூரம் குறைந்திருக்குமே” என்று மாணவர் சிலர் கேட்டனர். பால் பீப்பாயை லோரியில் ஏற்றுகையில் பெரியவர்கள் பலகையைச் சாய்த்து உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பலகை நீளமானால் தள்ளும் வலு குறைவாகவே போதும். மலையைச் சுற்றி வளைத்த அத்தகைய நீண்ட பலகையே இச்சாலை.

பற்சக்கரங்களும் அதே உபாயத்தையே கையாளுகின்றன. பழைய வண்டியில் முன்னே 44 பற்கள், பின்னே 20 பற்கள் என்று கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னேறும். சமவெளிக்கு அது நன்று. மலையேறும் வண்டியிலோ முன்னே 24, பின்னே 32 பற்கள் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டரே நகரும். கால் பலமுறை சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் இலேசாயிருக்கும். செய்ய வேண்டிய வேலை குறைந்துவிடவில்லை. சிறு சிறு கூறாகப் பிரிந்தது, அவ்வளவே.

அவ்வேலை எத்துணை என்பதையும் கணக்கிடலாம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடையை 1,400 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 280 கிலோகலோரி வேண்டும். நம் உடல் உண்ட உணவில் நான்கில் ஒரு பங்கையே இத்தகைய வேலையாக மாற்றும் ஆதலால், உயரம் ஏறுவதற்கு மட்டுமே 1,100 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். நாங்கள் மூன்று இடங்களில் நிறுத்தி உண்டதற்கு இதுவே காரணம். பெருந்தீனி என்று வீட்டார் நகைத்தது நியாயமன்று!

லாத்தா இஸ்கண்டார் அருவியருகே முதலில் இளைப்பாறினோம். அவ்வழியெங்கும் செமாய்ப் பூர்வகுடி மக்கள் மூங்கில் குருத்தும், பெத்தாயும், தேனும் விற்கின்றனர். அதற்கு மேலே காற்றின் தன்மையே மாறியது. நூறு மீட்டர் உயர ஏறக்குறைய 0.6 பாகை வெப்பம் குறையும். தாப்பாவில் வியர்த்தவர்கள் ரிங்லெட்டில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டோம்.

ரிங்லெட்டை அடுத்த ஏரி இயற்கையானதன்று; 1963இல் முடிந்த அணைக்கட்டினால் உண்டானது. இந்நீர் சுரங்கத்தின் வழியாக மலையைக் குடைந்து பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகின்றது. அந்த ஏரி மண் கலங்கிக் கிடந்தது மனத்தை வருத்தியது. மேலே மரங்களை அழித்துக் காய்கறி பயிரிட்ட சரிவுகளிலிருந்து மழை மண்ணைக் கரைத்துக் கொண்டுவருகின்றது. தேயிலைச் சரிவுகளைப் பாருங்கள்: செடிகள் நெருங்கி நின்று நிலத்தை மூடியிருக்கும். அச்செடிகளை நட்டுக் காத்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலர். இன்று அயல்நாடுகளிலிருந்து வந்தோரே அங்கு மிகுதி.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தானா ராத்தாவை அடைந்தோம். மலாய் மொழியில் அப்பெயருக்குச் சமநிலம் என்று பொருள். ஏறிக் களைத்த கால்களுக்கு அதன் அருமை தெரியும். பிரிஞ்சாங் இன்னும் மேலே உள்ளது. அதை விட்டுவிட்டு, தேநீர் அருந்தித் திரும்பினோம்.

இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை என்று மகிழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் எங்கேனும் போயாக வேண்டும். ஒரு பகுதி காற்றின் தடையில் கழியும். எஞ்சியது பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாகும். இடைவிடாது அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சுட்டு, டியூப் வெடிக்கவும் கூடும். ஆகவே விட்டு விட்டு, இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்தல் வேண்டும். மழையில் நனைந்த விளிம்பை ரப்பர் உடனே பற்றாது.

ரிங்லெட்டில் மழை பிடித்தது. அது விட்டபின் வண்டிகளைச் சோதித்தோம். எங்களுள் மூத்தவர், 62 வயதான ஓய்வுபெற்ற மண்டோர். செங்குத்தான இடங்களில் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டே சளைக்காமல் ஏறி வந்தவர். அவருடைய பின்பிரேக் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை ஆதலால் குறை வெளிப்படவில்லை. அங்கிருந்த கடையில் அவ்வளவில் ரப்பர் கிடைக்கவில்லை.

“நாற்பது வருடம் ஓட்டினவன் வாத்தியாரே, காலை ஊன்றி நிறுத்திக்கொள்வேன்” என்றார்.

“அண்ணே, இது நம் தோட்டத்து மேடு அன்று; நாற்பத்தைந்து கிலோமீட்டர் இறக்கம்” என்றேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். முடிவில் காய்கறி லோரி ஒன்றில் வண்டியை ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார். கீழே ஒரு வளைவில் மழை மணலை அடித்துச் சாலையிற் பரப்பியிருந்தது, ஓரத்தில் தடுப்பில்லை. நல்ல பிரேக் உள்ள நாங்களே அவ்விடத்தில் இறங்கி நடந்தோம். தாப்பாவில் எங்களுக்கு முன்பே வந்து, வடையும் தேநீரும் சொல்லிவைத்துக் காத்திருந்தார் அண்ணன்.

நம் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு இறங்கும் செம்மண் சாலையில், பிரேக் இல்லாத வண்டியில் வந்து, செருப்பைச் சக்கரத்தில் அழுத்தி நிறுத்தும் மாணவர்களை நாள்தோறும் காண்கின்றேன். ஓரிணை பிரேக் ரப்பரின் விலை சில ரிங்கிட்டுகளே. ரப்பரிலுள்ள வரிப்பள்ளங்கள் மறைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பிடியை அழுத்தினால் அது கைப்பிடிக் கம்பியைத் தொடலாகாது. பெற்றோர் வீட்டிலேயே இவற்றைப் பார்க்கலாம். இயலாதவர்கள் சனிக்கிழமை காலையில் பள்ளி வண்டிக் கொட்டகைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். மண்டோர் அண்ணன் திருப்புளியும் ஸ்பேனருமாக அங்கிருப்பார்.